படிவத்தில் இருந்த பெயர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



நம்ம மலருக்கு ஆளுக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்று கூட்டத்தில் சொன்னபோது அன்னை தெரசா, ஜான்சி ராணி, காமராஜர் என்று எல்லாப் பேரும் மளமளன்னு போயிடுச்சு. நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று சொன்னேன். அது பிரசவப் பணத்தோட பேராச்சே, அப்படி ஒரு ஆள் இருந்தாங்களா என்று ஒரு அக்கா கேட்டாங்க. எல்லோரும் சிரிச்சோம். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரேஷன் கடை, பால்வாடி மாதிரி அதுவும் ஒரு பேர் என்று.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கணும். ஊர்ப்புற நூலகத்தில் எடுத்துப் படிச்சதையும், என் அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன். என் மூத்த பையன் வயிற்றில் இருந்தபோது உதவித்தொகை 12,000 ரூபாய். எனக்கு மசக்கை அதிகம். மூணாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போனேன், அஞ்சாம் மாசம் இங்கே வந்தேன், ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு திரும்பவும் அங்கே போயிட்டேன். இங்கே கேட்டால் அங்கே பதிஞ்சுக்கோ என்றார்கள், அங்கே கேட்டால் புருஷன் ஊரில் பதியணும் என்றார்கள். ரெண்டுங்கெட்டானா போச்சு. என் மாமியார் வேற, நாம என்ன கையேந்துற குடும்பமா, விட்டுத் தள்ளு என்று சொல்லிட்டாங்க. எனக்கும் கேட்கக் கூச்சம். பத்துப் பைசா வரவில்லை. அப்போ எனக்கு ரத்தம் 8 கிராம்தான் இருந்தது. பேரீச்சம்பழம், முட்டை வாங்கித் தின்ன வேண்டிய காலத்தில் கஞ்சியும் ஊறுகாயும்தான். பையன் ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிறந்தான். அவனை இப்போ பார்த்தால் நம்ப மாட்டீங்க, அது வேற விஷயம்.

ரெண்டாவது பொண்ணு உண்டானபோது நான் குழுவில் சேர்ந்திருந்தேன். எங்க கணக்காளர் அக்கா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் நர்சம்மாவிடம் பதிய வச்சு, தாய் சேய் நல எண் வாங்கிக் கொடுத்தாங்க. அந்த எண் இருந்தால் தாய் வீட்டுக்குப் போனாலும் புகுந்த வீட்டுக்கு வந்தாலும் கணக்கு நம்ம கூடவே வரும். அப்புறமும் ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல் என்று நாலு தடவை அலைஞ்சேன். அப்படி அலைஞ்ச ஒரு நாள், வரிசையில் உட்கார்ந்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருக்கும்போதுதான், யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி என்று முதல் தடவையா தோணுச்சு.

இதில் ஒரு வேடிக்கை. அவர் பிறந்தது நம்ம புதுக்கோட்டையில்தான். டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவர் படித்த காலேஜைத் தாண்டித்தான் போய்க்கிட்டு இருந்திருக்கேன், தெரியாமலே.

1886-ஆம் வருடம் ஜூலை மாதம் 30-ஆம் தேதி பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம், ராஜா ஆட்சி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டதால் அப்பாவை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஆக, நல்ல படிப்பும் ஊரார் பேச்சும் ரெண்டும் இருந்த வீட்டில் வளர்ந்தார்.

அந்தக் காலத்தில் பொண்ணு பெரியவளானால் படிப்பு நின்றது என்று அர்த்தம். வீட்டில் அம்மாவுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்க ஆசை. மகளுக்குப் படிக்க ஆசை. அப்பா மகள் பக்கம். வீட்டிலேயே படிக்க வைத்துப் பரீட்சை எழுத வைத்தார். பாஸ் பண்ணிவிட்டார். அதுக்கு மேலே படிக்க ஊரில் இருந்ததோ பையன்கள் படிக்கிற காலேஜ் ஒன்றுதான். அங்கே இடம் கேட்டு எழுதிப் போட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. பொம்பளைப் பிள்ளை வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு பேச்சு. இந்தக் குலத்தில் பிறந்த பொண்ணு வரலாமா என்று இன்னொரு பேச்சு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டதால்தான் உள்ளே போக முடிந்தது. மூடு வண்டியில் போய் வருவாராம். வகுப்பில் பையன்களுக்கும் இவருக்கும் நடுவில் திரை கட்டி வைத்திருந்தார்களாம். அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு பொண்ணு. நாம ஒரு ஆபீஸில் தனியா நின்னு மனு கொடுக்கவே கை நடுங்குது. அந்த வயசில் அந்தப் பொண்ணு எப்படி நாள்தோறும் போய் உட்கார்ந்திருக்கும்!

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் வாங்கி டாக்டர் ஆனார். எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த முதல் பெண் அவர்தான். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார், 28 வயது வாக்கில். அந்தக் காலத்தில் அந்த வயதில் பேரன் எடுத்த பொம்பளைகள்கூட இருந்திருப்பார்கள். அதுவும் சும்மா கட்டிக்கொள்ளவில்லை. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் கட்டிக்கொண்டார். அவரும் கடைசி வரை அப்படியே நடந்துகொண்டார் என்று படித்தேன். இந்த இடத்தை எங்க வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

இனிமேல் வருவதுதான் என்னை உலுக்கிய இடம்.

டாக்டரம்மாவுக்கு ஒரு தங்கச்சி. சின்ன வயது. மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. பார்த்த டாக்டர்கள் சீதபேதி என்று சொல்லி அதற்கே மருந்து கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அது மலக்குடலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது கைமீறிவிட்டது. அக்கா டாக்டர், அக்கா வீட்டுக்காரர் டாக்டர், ஆனாலும் 1923-இல் அந்தத் தங்கச்சி கண் முன்னாடியே இறந்துபோனார். அந்தச் சாவுதான் பின்னாடி அடையாறு ஆஸ்பத்திரியாக ஆச்சு.

இதைப் படிச்சதும் புத்தகத்தை மூடி வச்சிட்டேன். எங்க சின்னம்மாவுக்கும் இப்படித்தான். அம்மாவின் கூடப்பிறந்தவங்க. ரத்தம் போகுதுன்னு வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு எட்டு மாசம் மறைச்சாங்க. அப்புறம் மூலம் என்று ஒரு இடத்தில் வைத்தியம் பார்த்தாங்க. அந்த இடத்தின் பேர் வேண்டாம். தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வச்சு ஆறு மாசம் மாத்திரை. உடம்பு துரும்பா இளைச்ச பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. அங்கே போன பிறகுதான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கும் வைத்தியம் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியும். அந்த அட்டை எங்கே இருந்தது தெரியுமா? சின்னம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க, போய் நின்னோம், கொடுத்தாங்க, வாங்கி வச்சோம். எதுக்குன்னு கேட்கலை. சின்னம்மா அந்த வருஷம் தைப்பொங்கல் பார்க்கலை.

திரும்பவும் டாக்டரம்மா கதைக்கு வருகிறேன்.

தங்கச்சி போன துக்கத்தோடு 1925-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேல்படிப்பு. அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் போய்ப் பார்த்துப் படித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் இந்திய மாதர் சங்கத்துக்காரர்கள் இவரைச் சென்னை சட்டசபைக்கு அனுப்ப நினைத்தார்கள். டாக்டர் வேலை கெட்டுப்போகுமே என்று முதலில் தயங்கினாராம். அப்புறம் சம்மதித்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் உறுப்பினராகப் போன முதல் பெண் இவர். 1927-இல் அந்தச் சபைக்கே துணைத் தலைவராக எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து படித்த பொண்ணு, அத்தனை ஆம்பளைகள் இருந்த சபையை நடத்தினார்.

அங்கே போய் என்ன கேட்டார் என்பதை நம்ம பெண்கள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி கேட்டார். அரசாங்கம் மகப்பேறு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு என்று தனிப் பிரிவு ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு டாக்டர் வந்து உடம்பு பார்க்க வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கண், பல், உடம்பு எடை பார்க்கிறாங்களே, அது மாதிரி ஒன்றை கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கிறார். ஏழைப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணச் சலுகை கேட்டார். இதெல்லாம் தர்மம் செய்யுங்க என்று கேட்டது இல்லை. ஜனங்க வரி கட்டுறாங்க, ஜனங்க உடம்பைப் பார்ப்பது சர்க்கார் வேலை என்று கேட்டது. தீப்பெட்டி வாங்கினாலும் நாம வரி கட்டுறோம் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?

சின்ன வயசுக் கல்யாணத்தையும் எதிர்த்தார். 1929-இல்தான் பொண்ணுக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நினைச்சுப் பாருங்க, 14-க்கே சண்டை போட வேண்டியிருந்தது. இன்றைக்கு அவர் பேரில் உள்ள உதவித்தொகை வாங்க 19 வயது முடிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை, கோயிலுக்குப் பொண்ணுகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க. தன் அம்மா பிறந்த குலத்தின் வேதனை அவருக்குத் தெரியும். வெட்கம் என்று மூடி மறைக்கவில்லை, சபையில் எழுந்து பேசினார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் எதிர்த்தார்கள். 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். முழுச் சட்டம் வந்தது 1947-இல். இருபது வருஷம்! இதே விஷயத்துக்காக ஊர் ஊராகப் போராடிய இன்னொரு அம்மா மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். நம்ம பொண்ணுங்க காலேஜ் படிக்க மாசம் ஆயிரம் ரூபாய் வருதே, அந்தத் திட்டம் இவங்க பேரில்தான். படிவத்தில் இருக்கிற பேரை எல்லாம் இனிமே ஒரு தடவை நின்னு படிங்க.

1930-இல் காந்தியைக் கைது செய்ததும் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த மூன்று பொண்ணுகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்க்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த மூன்று பேரில் ஆரம்பித்ததுதான் ஔவை இல்லம். ஆதரவில்லாத பொண்ணுகளுக்குச் சோறு, துணி, படிப்பு. சென்னை அடையாறு பக்கம் இன்றும் நடக்கிறது.

தங்கச்சியை மறக்கவில்லை. 1935-இல் தான் படித்த மருத்துவக் கல்லூரியின் நூறாம் ஆண்டு விழாவில், புற்றுநோய்க்கு என்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். யாரும் காதில் வாங்கவில்லை. எப்படியும் சாகப்போகிற நோய்க்கு எதற்குச் செலவு என்பதுதான் அன்றைய நினைப்பு. அவர் விடவில்லை. 1949-இல் மாதர் சங்கத்தை வைத்துப் புற்றுநோய் நிவாரண நிதி ஆரம்பித்து வசூல் செய்தார். பொம்பளைகள் சேர்ந்து சேர்த்த பணம், நம்ம சேமிப்பு மாதிரி. 1952-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தது. பெரிய கட்டடம் எல்லாம் இல்லை, குடிசைகளில் 12 படுக்கை. அப்போது அவருக்கு 68 வயது நெருங்குகிறது. தங்கச்சி இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே வேலை பார்த்தார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அவர் கல்யாணம்கூடச் செய்யாமல், 2021-இல் இறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரியே கதி என்று இருந்தார். காசு இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ அங்கே வைத்தியம் கிடைக்கிறது. காப்பீட்டு அட்டையும் செல்லும்.

மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் இவர்தான். 1956-இல் பத்மபூஷண் பட்டம் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22-இல் இறந்தார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 வயது முடிந்திருக்கும். அவர் பிறந்த ஜூலை 30-ஐ அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். போன தடவை நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோலம் போட்டு பலூன் கட்டியிருந்தார்களே, அது அதற்குத்தான்.

அவர் பேரில் உள்ள உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாய் ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. இதில் 14,000 பணமாகத் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வரும். மீதி 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பார்கள், நெய், பேரீச்சம்பழம், சத்து மாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். முதல் ரெண்டு பிரசவத்துக்கு உண்டு. குழந்தை பிறந்த பிறகு வரும் தவணைக்குத் தடுப்பூசி கணக்கும் பார்ப்பார்கள். அதனால் புதன்கிழமை ஊசியைத் தள்ளிப்போட்டால் பணமும் தள்ளிப்போகும்.

என் ரெண்டாவது பொண்ணுக்கு அந்தப் பணம் முழுசும் வந்தது. கடைசித் தவணை மட்டும் நாலு மாசம் தாமதம். பெட்டகத்தில் இருந்த நெய்யை என் மாமியார்தான் தினமும் ஒரு கரண்டி சோத்தில் ஊத்திக் கொடுத்தாங்க. கையேந்துற குடும்பமா என்று கேட்டவங்கதான். எதுவும் பேசிக்கலை, ஊத்தினாங்க, நான் சாப்பிட்டேன். பொண்ணு மூணு கிலோ. ரத்தம் 11 கிராம் வரை ஏறிச்சு.

இப்போ எங்க குழுவில் ஒரு வழக்கம் வச்சிருக்கோம். ஊருக்குள் யாராவது உண்டாகியிருக்காங்க என்று தெரிஞ்சதும் ஒருத்தர் வீட்டுக்குப் போயிடுவோம். தாய் சேய் நல எண் வாங்கியாச்சா, ஆதாரும் பாஸ்புக்கும் ஒரே பேரில் இருக்கா, பால்வாடியில் சத்துமாவுக்குப் பேர் கொடுத்தாச்சா என்று கேட்போம். பேர் மாறியிருந்தால் அப்பவே திருத்தச் சொல்லிடுவோம். எட்டாம் மாசம் வயித்தைத் தூக்கிக்கிட்டு வங்கி வாசலில் நிக்கக் கூடாது பாருங்க. கேட்கக் கூச்சப்படுறவங்க கூட ஒருத்தர் துணைக்குப் போவோம். இது வரைக்கும் விட்டுப்போனவங்க இல்லை. ஒரே ஒரு பொண்ணு மட்டும் 18 வயசில் உண்டாயிடுச்சு, அதுக்குப் பணம் கிடைக்கலை. அந்தக் கல்யாணச் சாப்பாட்டை நாம எல்லோரும்தான் சாப்பிட்டு வந்தோம்.

இன்னொரு விஷயமும் ஆரம்பிச்சிருக்கேன். 30 வயது தாண்டின பொம்பளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பும் கர்ப்பப்பை வாயும் இலவசமாகச் சோதிக்கிறார்கள். உள்ளே பார்ப்பது பெண் நர்சுதான், பத்து நிமிஷ வேலை. சின்னம்மா மாதிரி ரத்தம் போகிறவர்கள் யாராவது இருந்தால் அதையும் அங்கேயே மறைக்காமல் சொல்லணும். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் நான் போகிறேன், கூட வருகிறவர்கள் பேர் கொடுங்க. காப்பீட்டு அட்டை எந்தப் பெட்டியில் கிடந்தாலும் எடுத்துக்கிட்டு வாங்க, பேர், போட்டோ சரியா இருக்கான்னு அப்படியே காட்டிக்கலாம். இன்னைக்கு வரைக்கும் ஒன்பது பேர் கொடுத்திருக்காங்க. அதில் ஒன்று என் மாமியார் பேர்.